பிச்சைக்காரியாகச் செத்த ராணியா?

ஸ்வீடன் ராணி காரின் மான்ஸ்டோட்டர் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. சந்தையில் கடலை விற்ற பெண், ராஜாவின் ஆசைநாயகி, தாலி ஏறாமலே தெருவில் பிச்சையெடுத்துச் செத்தாளாம். கேட்க நல்ல சினிமா, ஆனால் பாதிக்கு மேல் புளுகு.

கடலைக்கதை பிற்கால நாட்டுப்புறக் கதை. சிறைக்காவலர் வீட்டுப் பெண், அரண்மனையில் பணிப்பெண், அதுதான் தெரிந்தது. ஆசைநாயகியாக ஆரம்பித்தது நிஜம், ஆனால் 1568 ஜூலை 4 அன்று எரிக் மன்னர் ஊரறியக் கல்யாணம் செய்து, மறுநாளே முடியும் சூட்டினார். அப்போது அவளுக்கு 18 வயதுக்குள்தான், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். சில மாதங்களில் மன்னரின் தம்பி யோஹான் ஆட்சியைப் பறிக்க, அவளும் கணவனோடு சிறைக்குப் போனாள்.

1577-ல் எரிக் இறந்ததும், அதே யோஹான்தான் பின்லாந்தில் லியுக்சியாலா பண்ணையை அவளுக்குக் கொடுத்தார். அங்கே 1612 வரை எஜமானியாக இருந்தாள். சரி, பிச்சை எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு நாடு நாடாக வறுமையில் அலைந்த மகன் குஸ்தாவின் கதையை யாரோ அம்மா தலையில் கட்டிவிட்டார்கள். அவள் கல்லறை பின்லாந்தின் துர்க்கு நகரப் பேராலயத்தில், கறுப்புப் பளிங்குப் பேழையாக இன்றும் இருக்கிறது.