தடை முடிந்தால் எல்லோரும் ‘புதுசு’

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் மூன்று வருடம் எச்.ஆர். (மனிதவளத் துறை) வேலை பார்த்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. சரக்கு வரத்துக் குறைந்ததும் இறால் உரிக்கும் பெண்களைப் பதிவேட்டில் ‘விலகினார்’ என்று எழுதுவோம். ஜூன் கடைசியில் அதே பெண்கள் வருவார்கள். ‘புதிய நியமனம்’ என்று எழுதுவோம்.

சும்மா ஒரு கணக்குக்கு, சராசரியாக 100 பேர் இருக்கும் இடத்தில் 40 பேர் போய், 35 பேர் திரும்பி வந்தார்கள் என்று வையுங்கள். ஏட்டில் விலகல் 40 சதவீதம். உண்மையில் கைவிட்டுப் போனது 5 பேர். மேலிடத்தில் கேட்டால் “சீசன் தொழில் சார், அப்படித்தான்” என்போம். ஆள் எடுத்த எண்ணிக்கை மட்டும் அமோகம். காலியிடம் நிரம்ப ஆன நாட்கள், ஓர் ஆளை எடுக்க ஆன செலவு எல்லாமே பிரமாதம். ஆகாமல் என்ன, வந்தவர்களுக்கு நாங்கள் கேட்டைத்தானே திறந்துவிட்டோம்!

எச்.ஆர். வேலையை எண்ணில் அளக்கலாம் என்று அமெரிக்காவில் ஜாக் ஃபிட்ஸ்-என்ஸ் 1970களின் இறுதியிலேயே வாதாடினார். அதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் துறை தன் ஓட்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டு அதையே பலன் என்று காட்டியதுதான் கோளாறு.

அப்புறம், இது வெறும் ஏட்டுப் பிழையும் இல்லை. அப்போது இருந்த 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டப்படி, பணிக்கொடை (கிராஜுவிட்டி) வாங்க ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. வருடா வருடம் ‘புதுசு’ ஆகிறவர் அந்த ஐந்தை எப்படிக் காட்டுவார்? ஒரு அக்கா கேட்டே விட்டார்: “என்ன தம்பி, பதினோரு வருசமா வர்றேன், இன்னும் புதுசுன்னே எழுதுறீக?”

பாம்பன் சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், எக்செல் கிடையாது. தடை முடிந்து கடலுக்குப் போக முதல் அனுமதி டோக்கன் போடும் நாளில் பழைய ஆட்கள் எத்தனை பேர் படகேறுகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு. முன்பணம் வாங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஏறுகிறவர்களும் உண்டு. அதை விசுவாசக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனாலும் மீன் விற்ற பணத்தில் ஆட்களுக்குப் பங்கு ஒழுங்காகப் பிரிக்காத படகு எது என்று கரைக்கே தெரியும். எங்கள் கம்பெனியில் ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பது எச்.ஆருக்குக்கூடத் தெரியாது.

அறிக்கையில் ‘திரும்பி வந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். ஃபார்மேட்டில் இடமில்லையாம், சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஜூனில் அந்த அக்கா வரவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். அறிக்கையில் அவர் இடம் இரண்டே நாளில் நிரம்பியிருந்தது. மேனேஜர் எனக்குக் கைகொடுத்தார்.