எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாமே

போன மாதம் சேலத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி, கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டாள். "சித்தி, யாராவது கேட்டா, பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குத்தான் அவரை முதல்ல பார்த்தேன்னு சொல்லணுமாம். அம்மா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. நீங்க இத்தனை வருஷம் எப்படிச் சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. 2009இல் எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அதே பொய்யைத்தான் சொல்லி வருகிறேன். "தூரத்துச் சொந்தம் மூலமா வந்த வரன்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒத்துக்கொண்டதால்தான் அப்பா பந்தலுக்கே வந்தார். அன்றைக்கு அது சின்ன விலையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அதனால் இங்கே, சொந்தக்காரர்கள் எல்லாரும் படிக்கும் இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை. அஸ்தம்பட்டியில் காலை பஸ் ஏறுவேன். அவர் கோரிமேட்டில் ஏறுவார், மேலே ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. எட்டு மாதம் ஒருவரை ஒருவர் பார்த்தோம் என்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏற ஏற எனக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொள்வேன். மொத்தம் இருபது வளைவு. மேலே போய்ச் சேர்கிற வரைக்கும் நான் எதையும் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை.

2007 மார்ச்சில் ஒரு நாள் ஏற்காட்டை நெருங்கும்போது ஜன்னல் வழியாக அப்படி ஒரு வாசனை. மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை. கண்ணைத் திறந்தால் சரிவு முழுக்க, சவுக்கு மாதிரி உயர்ந்து நின்ற மரங்களுக்குக் கீழே, செடியெல்லாம் வெள்ளை. "இது என்ன பூங்க?" என்று பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் கேட்டேன். அவர்தான்.

"காப்பிப் பூங்க. பத்து நாள் முன்னாடி ஒரு மழை பெஞ்சதுல்ல, அதுக்குப் பூத்திருக்கு. மூணு நாள்தான் இருக்கும். இன்னைக்கே நல்லாப் பாத்துக்குங்க."

பள்ளி வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது, நிழலுக்காக நடும் அந்த உயர்ந்த மரம் சவுக்கு இல்லை, சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி ஏற்றுவது, இந்தப் பூ காயாகிப் பழுத்துப் பறிக்கக் கார்த்திகை மார்கழி ஆகிவிடும் என்பது எல்லாம். நானோ செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர் மகள். கொலுசுக்குச் சலங்கை கோர்த்தே வளர்ந்த கை என்னுடையது, செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறுநாள் அவர் என்னிடம் கொலுசைப் பற்றிக் கேட்டார். கம்பி எப்படி இழுக்கிறார்கள், மெருகு எப்படிப் போடுகிறார்கள், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் அப்பாவுக்கு முதுகு வலிக்காதா என்று. அப்பாவின் முதுகைப் பற்றி அதுவரை என்னிடம் வெளியாள் யாரும் கேட்டதில்லை.

இதைக் காதல் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்தது அந்த வருடக் கடைசியில், பழம் பறிக்கும் காலத்தில். என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா அவருடைய எஸ்டேட்டில்தான் பழம் பறித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எடை போட்டு எழுதும்போது சில இடங்களில் கிலோவைக் குறைத்து எழுதுவார்களாம். "அந்தத் தம்பி எழுதினா எங்க கணக்கும் அவர் கணக்கும் ஒண்ணா இருக்கும் டீச்சர்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு இறங்கும் பஸ்ஸில் இருபது வளைவிலும் நான் கண்ணை மூடவில்லை.

அப்புறம் வழக்கமாக நடப்பதுதான். அவர் வேறு சாதி. வீட்டில் தெரிந்ததும் வேலையை விடச் சொன்னார்கள், அம்மா சாப்பிடாமல் படுத்தார், பெரியப்பா பட்டறைப் பக்கமே வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அப்பா இறங்கி வந்தார், அந்த ஒரு வாக்கியத்தோடு.

அப்பா மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு மனிதரை இரண்டு வருடம் கவனித்து, நடத்துனரிடம் சில்லறைக்கு எப்படிப் பேசுகிறார், பாட்டி ஏறினால் எழுந்திருக்கிறாரா, கூலிக் கணக்கில் கை சுத்தமா என்று பார்த்துத்தான் முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நிதானமான காரியம் அது. அதை ஏதோ திருட்டு மாதிரி மறைக்க வைத்தார்கள், நானும் மறைத்தேன். அதைவிட மோசமாக, அக்கா மகள் பத்தொன்பது வயதில் ஒரு பையனைப் பிடித்துப்போய்த் தவித்தபோது கேட்பதற்கு வீட்டில் ஒரு ஆள் இல்லை என்று நினைத்திருக்கிறாள். சித்தியே பக்கத்துத் தெருவில் இருந்தும்! நான் காதலித்தவள் என்பதே அவளுக்குப் போன வருடம்தான் தெரியும். பிள்ளைகள் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டு முடிவெடுக்கிறார்கள் என்று புலம்புகிறோம். ஆளை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லித்தரக்கூடிய எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

1944இல் நீதிக்கட்சி மாநாடு கூடித் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிய ஊர் நம் சேலம். அண்ணா ஆட்சியில் 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் நிறைவேற்றியது நம் சட்டமன்றம். வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ சமூகமோ சம்மதிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நாம் மட்டும் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று "புரோக்கர் மூலமா வந்துச்சு" என்கிறோம். பொருந்தாத ஜாதகத்தைப் பொருந்தியதாகச் சொல்கிறோம். ஊருக்குப் பயந்து என்கிறார்கள், அந்தப் பயம் சில வீடுகளில் உயிர்ப்பயம் என்பதும் எனக்குத் தெரியும், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் சம்மதித்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிற வீட்டில் எதற்கு இந்தப் பொய்?

மருதாணிக் கையோடு இருந்தவளுக்கு அன்று நான் சொல்லாத பதிலைப் போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தபோது சொன்னேன். பஸ், காப்பிப் பூ, எடைக் கணக்கு எல்லாவற்றையும் அக்காவையும் வைத்துக்கொண்டே சொன்னேன். என் மகளுக்கே பாதிக் கதை புதுசு. கேட்டு முடித்ததும் அவள் புது மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "மாமா, நீங்க அக்காவை எங்க பார்த்தீங்க?" என்றாள். அக்கா மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அக்கா கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லுங்க மாப்பிள்ளை, லைப்ரரியிலதானே" என்றாள்.