பாட்டிலுக்குப் போகும் காசை நல்ல தண்ணீருக்குக் கொடுங்கள்

மாதச் சாமான் வாங்க வருகிறவர்கள் கடையில் நீட்டும் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தரைக்கு ஒரு பாட்டில், கழிப்பறைக்கு ஒன்று, சன்னல் கண்ணாடிக்கு ஒன்று, சமையல் மேடைக்கு ஒன்று, வீடு மணக்க இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போதும், வீட்டில் வருமானமே இல்லாதபோதும், இந்தச் சீட்டு மட்டும் குறைவதில்லை. பிள்ளைகளின் பால் பாக்கெட்டைக் குறைக்கிறார்கள், தரை மணக்கும் பாட்டிலைக் குறைப்பதில்லை. வீடு சுத்தமாக இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை விளம்பரக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ஒரு மூடி ஊற்றித் துடைத்ததும் தரை பளபளக்கிறது. அவர்கள் துடைக்கும் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு. நம் ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது உவர்த் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைக் கண்டவுடன் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நுரை வராமல் வெள்ளைத் திரியாகத் திரிகிறது. அந்தத் திரிதான் தரையில் மங்கலாகப் படிகிறது, வெளுத்த துணியில் ஒட்டி விறைக்கிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுகிறோம், திரி இன்னும் கூடுகிறது. பாட்டில் சரியில்லை என்று அடுத்த மாதம் அதைவிட விலை கூடியதை வாங்குகிறோம்.

சலவைச் சோடா என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆப்பத்துக்குப் போடும் சோடா வேறு, இது வேறு. ஒரு வாளி உவர்த் தண்ணீரில் இதை ஒரு தேக்கரண்டி கரைத்துச் சற்று நேரம் வையுங்கள். கால்சியம் வெள்ளைப் பொடியாகப் பிரிந்து அடியில் தங்கும். மேலாகத் தெளிந்த தண்ணீரில் சோப்பைப் போட்டால், வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டாலே நுரைக்கும். கை எரியும் என்பதால் உறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் பட விடாதீர்கள், கறுத்துவிடும்.

இதற்கு அடுத்தபடியாக நான் அடித்துச் சொல்லும் விஷயம் கடைசி அலசல். திருச்சியிலிருந்து குழாய் வழியே வரும் காவிரித் தண்ணீரோ, வண்டியில் வரும் குடத் தண்ணீரோ, எதுவானாலும் அதில் அரைக் குடத்தை ஒதுக்குங்கள். தரை முழுவதையும் உவர்த் தண்ணீரிலேயே துடையுங்கள், கடைசி ஒரு துடைப்பை மட்டும் நல்ல தண்ணீரில் துடையுங்கள். உவர்த் தண்ணீர் காயும்போது அதிலுள்ள உப்பு தரையிலேயே தங்குகிறது, அதன்மேல் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பிசுபிசுப்புப் போகாது. அரைக் குடம் நல்ல தண்ணீர் செய்கிற வேலையை எந்த வாசனைத் திரவமும் செய்யாது. அந்தத் துணியைப் பிழிந்த தண்ணீரையும் வீணாக்காமல் கழிப்பறைக்கு ஊற்றலாம்.

வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கும் தண்ணீரில் கல்லுப்புப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. ஆனால் கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் காற்றின் ஈரத்தை இழுக்கக்கூடியது. மதுரையில் அந்தத் தரை உலர்ந்துவிடும், நம் ஊரில் கால் வைத்தால் ஒட்டும். போடுவதாக இருந்தால் போட்ட பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இனி மீன். நம் கரையில் சமையலறை வாடைக்காகத்தான் அதிகக் காசு செலவாகிறது என்பேன். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளிப்பான எதைப் போட்டாலும் அவற்றோடு சேர்ந்து உப்பாகிவிடும், உப்பானது காற்றில் ஏறி மூக்குக்கு வராது. அந்தப் புளிப்பு நம் அடுப்படியிலேயே இருக்கிறது. குழம்புக்குக் கரைத்துவிட்டுத் தூக்கி எறிகிறோமே, அந்தப் புளிச்சக்கைதான். எங்கள் பக்கத்து வீட்டு லாத்தா மீன் ஆய்ந்து முடித்ததும் செய்வதை நின்று பார்க்க வேண்டும். அரிவாள்மனையின் அலகிலும் பலகையின் இடுக்கிலும் ஒட்டிய செதில்களை முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு ஈர்க்கால் தள்ளுவார். பிறகு புளிச்சக்கையை உள்ளங்கையில் உருட்டி, ஒரு சிட்டிகை கல்லுப்பை அதன்மேல் ஒற்றி, அலகின் முதுகுப் பக்கமிருந்து விளிம்பை நோக்கித் தேய்ப்பார். பலகையில் கத்தி பட்ட கீறல்கள் ஒவ்வொன்றிலும் அந்தச் சக்கை இறங்கும். தரையில் மீன் தண்ணீர் சிந்திய இடத்துக்கும் அதே சக்கைதான், ஆனால் உடனே கழுவிவிடுவார். "தங்கச்சி, சுடுதண்ணீரை மட்டும் முதலில் ஊற்றிவிடாதே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் சொல்வது அப்படியே உண்மை. சூடு பட்டால் மீனின் புரதம் வெந்து பலகையோடு ஒட்டிக்கொள்கிறது, வாடை உள்ளேயே தங்கிவிடுகிறது. எந்தச் செலவும் இல்லாத இந்த வேலைக்கு எலுமிச்சைப் படம் போட்ட பாட்டில் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

குழாய் முனையில் படியும் வெள்ளைப் பாறைக்கும் புளிப்புதான் மருந்து. பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துக் கட்டி அரை மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஆனால் மொசைக், மார்பிள், கடப்பாக்கல், சிமெண்ட் தரை எதிலும் புளிப்பை ஊற விடாதீர்கள். குழாயில் படிந்ததும் சுண்ணாம்பு, இவற்றில் இருப்பதும் சுண்ணாம்பு. குழாயைத் தின்ற மாதிரியே தரையையும் தின்னும்.

இப்போது கைபேசியில் சுற்றும் காணொளிகளில் ஆப்பச் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றி நுரை பொங்குவதைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் நல்லவை. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, வெள்ளைப் படிவுக்கு வினிகர்.

அது வெறும் வீண்செலவு. உயிருக்கே ஆபத்தான சேர்க்கை ஒன்று இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுகிறவர்களை நான் பார்க்கிறேன், இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைக்கிறார்கள். சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள்மேல் விட்ட அதே வாயு. கதவடைத்த சின்னக் கழிப்பறையில் குனிந்து தேய்க்கும் பெண்ணின் நுரையீரலுக்குள் அது போகிறது. தயவுசெய்து, ஒரு நாள் இது என்றால் நன்றாகக் கழுவிவிட்டு இன்னொரு நாள் அது. பிளீச்சிங் பவுடர் தனியாக மிக நல்ல பொருள், விலையும் குறைவு. வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தவர் இருந்தால் கழிப்பறைக்கும் சாக்கடைக்கும் அதைத்தான் போட வேண்டும். ஆனால் நம் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், அடுப்படிக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் சன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புத் தெரியும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலமே இந்தக் காற்றில் துருவேறி, 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. ஓயாமல் வர்ணம் பூசிப் பார்த்துக்கொண்ட பாலத்துக்கே அந்தக் கதி. நம் சன்னல் கம்பிக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதல்ல. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பை எடுத்து, உலரவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் ஓர் இழுப்பு. பூட்டு, தாழ்ப்பாள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் இதுவே. உப்பை எடுக்காமல் மேலாக எண்ணெய் பூசினால் உள்ளே துரு வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். சிக்கனம் என்ற பேச்சு வந்தாலே மிச்சமாவது காசு, தேய்வது பெண்ணின் முதுகு. பாட்டிலை நிறுத்திவிட்டுப் புளியாலும் நாராலும் தேய்க்கச் சொல்கிற ஆண் அந்த நாரைத் தானும் கையில் எடுக்க வேண்டும். எடுக்க முடியாது என்றால் பாட்டில் செலவைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை. வலை பின்னத் தெரிந்த கைக்கு வாளி தேய்க்கத் தெரியாதா?

குறிப்பாக டிரம் தேய்க்கும் வேலை. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்காத வீடு நம் பக்கம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரையும் பிடித்து வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை, கொஞ்சம் சோப்பிலேயே திரைச்சீலையும் போர்வையும் பூப்போல வெளுக்கும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பல வீடுகளில் அதற்கான குழாய் இருக்கிறது. அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்தால் போதும், முதல் மழையை மட்டும் கூரைத் தூசியோடு வெளியே போக விட்டுவிடுங்கள். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைச் சாய்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் சுற்றிலும் அழுத்தித் தேய்த்து, கழுவிக் கவிழ்த்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி நிரப்பியதும் பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இது ஞாயிற்றுக்கிழமை வேலை, செய்வது என் வீட்டுக்காரரும் மகனும்.