எபிடாரஸ் போனா தியேட்டரோட திரும்பிடாதீங்க

கிரீஸ் டூர் போற நம்ம ஆளுங்க எபிடாரஸ்ல அந்தப் பெரிய கல் தியேட்டர்ல உக்காந்து போட்டோ எடுத்து, கீழ நடுவுல காசு போட்டா மேல கடைசி வரிசை வரைக்கும் கேக்குதுன்னு ஒரு ரீல்ஸ் போட்டுட்டு பஸ் ஏறிடுறாங்க. தியேட்டர் சூப்பர்தான், ஆனா அதைக் கட்டினதே பக்கத்துல இருக்குற அஸ்க்ளிபியோஸ் கோயிலுக்காகத்தான். வைத்தியத்துக்குன்னே இருந்த சாமி அவரு. முடியாதவங்க வந்து குளிச்சு, படையல் போட்டு, ராத்திரி அபாடோன்னு ஒரு நீள மண்டபத்துல படுத்துத் தூங்கணும், சாமி கனவுல வந்து வைத்தியம் பாப்பாரு.

1881-ல கவாடியாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் அங்க தோண்ட ஆரம்பிச்சாரு, அதுல குணமானவங்க கதைய வெட்டி வச்ச கல்பலகைங்க கிடைச்சுது, கி.மு. 4-ம் நூற்றாண்டு, சுமார் 70 கதை. யூஃபானஸ்னு ஒரு பையனுக்கு கல்லடைப்பு, சாமி கனவுல வந்து 'குணமாக்கினா என்னடா குடுப்ப'ன்னு கேக்குறாரு, அவன் 'பத்து தாயக்காய் தரேன்'ங்குறான், சாமி சிரிச்சுட்டு சரின்னுட்டாராம்! ஹெர்மோன்னு ஒருத்தனுக்கு பார்வை வந்துச்சு, காணிக்கை கட்டாம நழுவினான், திரும்ப பார்வை போச்சு. ஒத்தக் கண்ணு தெரியாத ஏதென்ஸ் அம்மா ஒண்ணு 'வெறும் கனவு கண்டா கால் வராதவன் நடப்பானா'ன்னு நக்கல் பண்ணுது, சாமி கண்ண சரி பண்ணிட்டு, உன் அறியாமைக்கு ஒரு வெள்ளிப் பன்னி வாங்கி வைம்மான்னுட்டாரு.

இத வச்சு 'உலகத்தோட முதல் ஆஸ்பத்திரி'ன்னு வாட்ஸப்ல சுத்துறது எனக்கு ஒப்பல. அந்த எல்லைக்குள்ள பிரசவமும் கூடாது சாவும் கூடாது, நிறைமாசமோ உயிர் இழுத்துட்டு கிடக்கோ, வெளிய போயிடணும். கி.பி. 2-ம் நூற்றாண்டுல அன்டோனினஸ்னு ஒரு ரோமன் செனட்டர்தான் பாவம் பாத்து அவங்களுக்கு தனியா ஒரு வீடு கட்டிக் குடுத்தாருன்னு அந்தக் காலத்து கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதிருக்காரு. அப்புறம் கல்லுல இருக்குறது கோயில் ஆளுங்க வெட்டி வச்ச விளம்பரம் மாதிரி, குணமாகாம ஊர் திரும்பினவங்க கணக்கு யார் எழுதினா?

அதுக்காக சுத்த ஃப்ராடுன்னு தள்ளுறதும் சோம்பேறித்தனம்தான். கோயில் வாசல்ல படி இல்ல, சரிவா கல்லு பாவி ஏற வழி போட்டிருக்கு, மத்த கட்டடங்கள்லயும் இருக்கு. கால் முடியாதவங்களுக்காகத்தான் இதுன்னு 2020-ல ஒரு ஆய்வு வந்துச்சு, எனக்கும் அது சரின்னுதான் படுது, தடி ஊனிட்டு வர்ற கூட்டம் இங்கதான ஜாஸ்தி. அங்க இருக்குற சின்ன மியூசியத்துல அந்தக் கல்பலகைங்களோட பழைய ஆபரேஷன் கருவிகளும் வச்சிருக்காங்க, வெறும் கனவுன்னா கத்தி எதுக்கு? தியேட்டர், கோயில், மியூசியம் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்தான், காசு குடுத்தாச்சுல்ல, உள்ள போயி பாத்துட்டே வாங்க.