கார்வெட்: பீரங்கியால் அளக்கக் கூடாத கப்பல்

போர்க்கப்பல் என்றாலே பீரங்கியின் பருமனையும் கவசத்தின் கனத்தையும் கொண்டு எடைபோடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் கார்வெட் எனும் சிறு போர்க்கப்பல் கடைசி வரிசையில்தான் நிற்கும். அது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

பாய்மரக் காலத்தில், நடுத்தரப் போர்க்கப்பலான ஃபிரிகேட்டைவிடச் சிறியதாக, ஒரே அடுக்கில் பீரங்கிகளைத் தாங்கிய கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படையினர் கார்வெட் என்றனர். அதை ஒத்த கப்பல் பிரிட்டிஷாருக்கு ஸ்லூப். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கொழிந்த அந்தப் பெயருக்கு இரண்டாம் உலகப்போர்தான் மறுவாழ்வு தந்தது.

ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல் அணிகளைக் காத்துச் செல்ல, விரைவாகக் கட்டி முடிக்கக்கூடிய கப்பல்கள் பிரிட்டனுக்கு அப்போது ஏராளமாகத் தேவைப்பட்டன. ஸ்மித்ஸ் டாக் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் வில்லியம் ரீட், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ‘ஃபிளவர்’ வகையை வடிவமைத்தார். அதன் வேகம் மணிக்கு 16 கடல் மைல்; கடல்மட்டத்தில் ஓடும் ஜெர்மானிய ஏழாம் வகை நீர்மூழ்கியின் வேகமோ 17க்கும் மேல். ஆயினும், அந்த வேகக் குறைவுக்குக் காரணமான பழைய பாணி நீராவி எந்திரமே அதன் பலமாகவும் அமைந்தது. போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறு தளங்களாலும் அதைக் கட்ட முடிந்தது. வணிகக் கப்பல்களிலிருந்து வந்தவர்களாலும் அதை இயக்க முடிந்தது. கனடா மட்டுமே 100க்கும் மேற்பட்டவற்றைக் கட்டியது.

கரையோரக் காவலுக்கென உருவான இக்கப்பல்கள் நடு அட்லாண்டிக்குக்கு அனுப்பப்பட்டபோது மாலுமிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஈரப்புல்லின் மேல் நிறுத்தினாலும் கார்வெட் உருளும் என்பது அவர்களிடையே வழங்கிய பேச்சு. சமையலறை பின்பக்கம், படுக்கையும் சாப்பாட்டு மேசையும் முன்பக்கம். நடுவே அலை ஏறி இறங்கும் திறந்த தளம். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து வருவதற்குள் சோறு ஆறிவிடும், பல சமயம் உப்புநீரும் கலந்துவிடும். முன்தளத்தை நீட்டித்த பிற்காலக் கப்பல்களில்தான் இந்த அவதி குறைந்தது.

இன்று அளவை வைத்து கார்வெட்டை வரையறுக்கவே முடியாது. ஸ்வீடனின் விஸ்பி ஏறத்தாழ 640 டன்; இந்தியாவின் கமோர்ட்டா 3,000 டன்னுக்கும் மேல். எனவே, என்ன பணிக்காகக் கட்டப்பட்டது என்று கேட்பதே முறை.

ஆனால், அருங்காட்சியகங்களும் அளவையே போற்றுகின்றன. அமெரிக்காவில் மட்டும் ‘பேட்டில்ஷிப்’ எனப்படும் பெரும் போர்க்கப்பல்கள் 8 பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 250க்கும் மேல் கட்டப்பட்ட ஃபிளவர் வகையில் எஞ்சியிருப்பதோ கனடாவின் ஹாலிஃபாக்ஸிலுள்ள சாக்வில் ஒன்றுதான். அட்லாண்டிக் வழியே உணவும் எண்ணெயும் வந்து சேரக் காவல் நின்ற கப்பல்களுக்கு இவ்வளவு குறைவான நினைவுச் சின்னங்கள் இருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.