2048-ல் கடலில் மீனே இருக்காதா?

“2048-க்குள் கடலில் ஒரு மீன்கூட மிஞ்சாது, விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்” என்ற செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அது தவறு.

இதன் வேர் 2006-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை. பழைய போக்கு அப்படியே நீடித்தால் 2048 வாக்கில் பிடிக்கப்படும் மீனினங்கள் எல்லாம் ‘சரிந்துவிடும்’ என்று அதில் ஒரு கணிப்பு இருந்தது. சரிவு என்றால் அழிவு அல்ல. ஓர் இனத்தின் பிடிப்பு அதன் உச்ச அளவில் 10 சதவீதத்துக்கும் கீழே போவதைத்தான் அப்படிக் குறித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அரசே மீன்பிடிக்கத் தடை போட்டாலும் பிடிப்பு குறையத்தானே செய்யும்? அதனால் மீன்வளத் துறைகள் பிடிப்புக் கணக்கை மட்டும் நம்புவதில்லை. ஆய்வுக் கப்பலில் போய் வலைவீசிப் பார்க்கிறார்கள், மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் (செவிக்கல்) உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். அப்படியும் சறுக்கியது உண்டு. கனடாவின் காட் மீன் வளத்தை அதிகமாக மதிப்பிட்டுவிட்டு, 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டுரையின் முதன்மை ஆசிரியரே, விமர்சித்தவர்களோடு சேர்ந்து 2009-ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். ஒழுங்காகக் கட்டுப்படுத்திய சில பகுதிகளில் மீன்வளம் மீளத் தொடங்கியிருப்பதை அது காட்டியது. வதந்தியில் இந்த இரண்டாவது ஆய்வு வருவதே இல்லை!

சரி, அப்போது கவலையே வேண்டாமா? அதுவும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, மதிப்பிடப்பட்ட கடல் மீன்வளங்களில் 37.7 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. 1974-ல் இது 10 சதவீதம்.