ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஹாரி பாட்டர் கொடுக்கலாமா?

கோடை விடுமுறை வந்தால் போதும், சேலத்தில் எனக்குத் தெரிந்த அம்மாக்கள் ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, பாப்பா ஹாரி பாட்டர் வேணும்னு அடம் பிடிக்கிறா. வாங்கித் தரலாமா?" மந்திரப் பள்ளியில் படிக்கும் ஹாரி என்ற பையனைப் பற்றிய ஏழு புத்தகத் தொடர் அது. முதல் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஏழும் சேர்ந்த பெட்டியை மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

பலருக்கு உறுத்தலாக இருப்பது மந்திரம், சூனியம். அதில் எனக்குத் துளியும் கவலை இல்லை. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில், வேடம் போட்டவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு அப்பா தோளில் உட்கார்ந்து வரும் பிள்ளை, சாமி வேடத்தையும் அசுர வேடத்தையும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறது. பிணத்துக்குள் புகுந்த வேதாளத்தைத் தோளில் சுமக்கும் ராஜா கதையை நாம் எல்லோருமே சின்ன வயதில் கேட்டவர்கள்தான். கதை எது, நிஜம் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

நான் யோசிப்பது வேறு விஷயம். இந்தத் தொடரில் புத்தகத்துக்கு ஒரு வயதாக நாயகன் வளர்கிறான். 1997இல் வந்த முதல் புத்தகத்தில் அவனுக்கு 11 வயது. 2007இல் வந்த ஏழாவதில் 17. கதையும் கூடவே வளர்கிறது. முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766. பக்கம் மட்டும் கூடவில்லை. மூன்றாவதில், மனிதர்களின் சந்தோஷத்தை உறிஞ்சி எடுக்கும் சிறைக்காவலர்கள் வருகிறார்கள். நாலாவதின் கடைசிப் பகுதியில், ஒரு பாவமும் அறியாத மாணவன் ஒருவன் கல்லறைத் தோட்டத்தில் ஒரே நொடியில் கொல்லப்படுகிறான். அதன் பிறகு நாயகன் தனக்கு ரொம்ப வேண்டியவர்களையே ஒவ்வொருவராக இழக்கிறான்.

புத்தகம் வெளிவந்த காலத்தில் படித்த பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாக அமைந்தது. நாலாவது வந்தது 2000இல், ஐந்தாவது 2003இல். நடுவில் மூன்று வருடம் காத்திருந்தார்கள், அவர்களும் வளர்ந்தார்கள். இன்றைக்கு ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளை, பெட்டி கையில் இருந்தால் அதே லீவுக்குள் ஏழாவதுக்குப் போய்விடும். அந்த இடைவெளியை இப்போது நாம்தான் கொடுக்க வேண்டும்.

"என் பொண்ணு ரெண்டே நாள்ல முடிச்சிட்டா" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வேகமாக வாசிக்கத் தெரிவது ஒன்று, வாசித்ததை மனசு தாங்குவது வேறொன்று. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு எட்டு வயதிலேயே ஐந்தாவது புத்தகத்தின் மொழி புரிந்துவிடலாம்.

அந்த ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒரு ஆசிரியை ஹாரிக்குத் தண்டனையாக ஒரு பேனாவைக் கொடுத்து, 'நான் பொய் சொல்லக் கூடாது' என்று திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிறாள். எழுத எழுத அந்த வரி அவன் புறங்கையில் கீறிக்கொண்டே வரும். மை என்று தாளில் விழுவது அவனுடைய ரத்தம். எந்தப் பூதத்தையும் விட எனக்கு இதுதான் பயங்கரம். என் மகள் இதைப் படித்தது ஏழாம் வகுப்பு முடிந்த லீவில், ஏற்காட்டில் என் அண்ணன் வீட்டில். வெளியே நல்ல மழை. புத்தகத்தில் விரலை வைத்தபடியே அடுக்களைக்கு வந்து, "ஏம்மா, இவன் ஏன் பெரியவங்க யார்கிட்டயும் சொல்லாம மறைக்கிறான்?" என்று கேட்டாள். "நீயா இருந்தா சொல்வியா?" என்றேன். சட்டென்று பதில் வரவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நடந்துகொண்டிருந்த ஒன்றை மெதுவாகச் சொன்னாள். அது அந்தப் பிள்ளையின் விஷயம், இங்கே எழுத மாட்டேன். அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்திருக்காது. இதையே எட்டு வயதில், நான் பக்கத்தில் இல்லாமல் படித்திருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

அதனால்தான் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்கிறேன். கூடவே படியுங்கள், ஒரு அத்தியாயமாவது முன்னால் போய்க்கொண்டிருங்கள். முதல் புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது, ராத்திரியில் வாசித்துக் காட்டலாம். பிள்ளை பாதியில் மூடி வைத்தால் மூடட்டும், "முடிக்கலையா?" என்று துருவ வேண்டாம். சினிமாப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படிக்கும்போது பிள்ளை தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் கற்பனை செய்கிறது, படத்தில் அந்தச் சலுகை கிடையாது.

மூன்று புத்தகம் வரை ஒன்பது, பத்து வயதுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது என்பது என் அபிப்பிராயம். நாலாவதைக் கொடுப்பதற்கு முன் அதன் 32ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது நீங்கள் படித்துவிடுங்கள். இப்போதே கொடுக்கலாமா, ஒரு வருஷம் போகட்டுமா என்பது உங்கள் பிள்ளையை அறிந்த உங்களுக்கே தெரிந்துவிடும். அஸ்தம்பட்டி பக்கம் இருப்பவர்கள் புத்தகம் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். ஏழும் இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் தருவேன்.